இரண்டு பீம்களும் ஒரு விசிலும்

"என் பீம்ல என்ன குறை மேடம்?"

தணிகைவேல் கேட்டார். கான்கிரீட் பீம்களை வார்த்துக் கட்டடங்களுக்கு அனுப்பும் தொழிற்சாலை அது. அங்கே வார்ப்பு வேலை முழுவதும் அவர் பொறுப்பு. சோதனை வேலையையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவராகவே கேட்டு ஜெசிந்தாவிடம் வந்திருந்தார்.

ஜெசிந்தா சோதனைக்கூடத்தின் தலைவர். வயதில் தணிகைவேலைவிட இளையவர். அவர் கையெழுத்துப் போடாமல் எந்த பீமும் கேட்டைத் தாண்டாது.

"குறை இல்லை சார். கூடிப்போச்சு."

"கூடினா நல்லதுதானே? பள்ளிக்கூடத்துக்குப் போற பீம். கீழே பிள்ளைங்க உட்காருவாங்க. அதனாலதான் வரைபடத்துல இருக்கிறதைவிடக் கம்பியைக் கூட்டிப் போட்டேன்."

"நாளைக்குக் காலையில சோதனைக்கூடத்துக்கு வாங்க சார்," என்றார் ஜெசிந்தா.

மறுநாள் காலை சோதனைக்கூடத்தில் இரண்டு பீம்கள் கிடந்தன. ஒன்று வரைபடத்தில் உள்ளபடி வார்த்தது. இன்னொன்று தணிகைவேலுடையது.

இரண்டுமே ஒரே முறையில் செய்தவை. கம்பிகளை விண்ணென்று இழுத்துப் பிடித்து, மேலே கான்கிரீட் ஊற்றி, அது இறுகியதும் இழுப்பை விட்டிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

ஜெசிந்தா தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

"எதுக்கு மேடம்?"

"பீமை மெஷினால மேலேருந்து அழுத்தப் போறேன். கீழே வகுப்பு நடக்குதுன்னு நினைச்சுக்குங்க. பிள்ளைங்களை வெளியே கூப்பிடணும்னு எப்போ தோணுதோ, அப்போ ஊதுங்க."

எல்லோரும் இரும்பு வலைக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

முதலில் படத்தின்படி வார்த்த பீம்.

அழுத்தம் ஏறியது. பீமின் அடியில் தலைமுடி போல ஒரு கீறல் விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. நடுப்பகுதி மெல்லத் தாழ்ந்தது. கீறல்கள் வாய் திறந்தன. உள்ளிருந்து முனகல் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

தணிகைவேல் ஊதினார்.

ஜெசிந்தா தலையசைத்துவிட்டு இன்னும் அழுத்தினார். பீம் இன்னும் தாழ்ந்தது, இன்னும் முனகியது. ஆனால் விழவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நின்று நின்று கால் வலித்தது. பிறகுதான் உடைந்தது.

"இப்போ உங்களுடையது."

அழுத்தம் ஏறியது. முதல் பீம் உடைந்த அளவைத் தாண்டி அழுத்தமானியின் முள் போனது. தணிகைவேலின் பீம் அசையவில்லை.

"பாத்தீங்களா மேடம்?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

முள் இன்னும் போனது. பீம் தாழவில்லை. கீறல் என்று சொல்லும்படி ஒன்றும் கண்ணில் படவில்லை. தணிகைவேல் நிமிர்ந்து நின்றார். விசிலை வாயில் வைத்திருந்ததே அவருக்கு மறந்துவிட்டது.

வெடிபோல ஒரு சத்தம்.

அடியில் இருந்த கம்பிகள் இழுபட்டு நீளும் முன்பே பீமின் மேல்பக்கம் நொறுங்கித் தெறித்தது. ஒரு துண்டு வலையில் மோதி அவர் காலடியில் விழுந்தது. புழுதி அடங்கியபோது பீம் இரண்டாகத் தரையில் கிடந்தது.

ஜெசிந்தா மெஷினை நிறுத்தினார்.

"நீங்க ஊதவே இல்லையே சார்," என்றார் ஜெசிந்தா.

"ஊதுறதுக்கு ஒண்ணுமே தெரியலை மேடம்."

சொன்ன பிறகு, தான் சொன்னதை அவரே கேட்டார். விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

பள்ளிக்கூடத்துக்காக அவர் வார்த்த மற்ற பீம்கள் வெளியே அடுக்கிக் கிடந்தன. ஏற்றிப் போக லாரி வந்து நின்றது. தணிகைவேல் சிவப்பு பெயிண்ட் டப்பாவோடு அங்கே போனார். ஒவ்வொரு பீமாகப் பெருக்கல் குறி போட ஆரம்பித்தார்.

லாரி டிரைவர் பிச்சாண்டி இறங்கி வந்தார்.

"எல்லாத்தையும் கழிக்கிறீங்களா? வலு இல்லையா சார்?"

"நல்ல வலு," என்று சொல்லிவிட்டு, தணிகைவேல் பிரஷ்ஷை மறுபடி பெயிண்டில் முக்கினார்.