இருபத்தேழு வாய்க்கால்

"அம்மை, இந்த முடிச்சு எனக்கு அவிழவில்லை. இன்றோடு ஒன்பது நாள்."

இப்படிச் சொல்லிக்கொண்டேதான் அரியநாயகர் மடத்துக்குள் நுழைந்தார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குரு உலகம்மைக்கு நாற்பது. நரைத்த தலை கறுத்த தலையை வணங்கியது.

"எந்த முடிச்சு?"

"பெரியகுளத்து நீர். வாய்க்கால் இருபத்தேழு. ஒவ்வொன்றுக்கும் பகல் முறை அல்லது இரவு முறை. ஆளுக்கொரு நிபந்தனை சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பொருந்த முறை வகுத்துத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். அது முடிவாகும்வரை மடை திறப்பதில்லை என்று ஊர் கூடிச் சொல்லிவிட்டது."

"நாற்று?"

"முற்றுகிறது. இன்னும் மூன்று நாள் தாங்கும். அதற்குமேல் மாட்டுக்குத்தான்."

"எப்படித் தேடினீர்?"

"வைத்து வைத்துப் பார்க்கிறேன். இருபது வாய்க்கால்வரை ஒழுங்காக வரும். இருபத்தொன்றில் இடிக்கும். கலைத்துவிட்டு மறுபடி தொடங்குவேன். மொத்தம் பதின்மூன்று கோடி வகைக்குமேல் இருக்கிறது, அம்மை. கணக்கிட்டுப் பார்த்தேன்."

"அந்த நேரத்தில் இன்னும் இரண்டு வகை வைத்துப் பார்த்திருக்கலாம்."

அரியநாயகர் தலையைக் குனிந்துகொண்டார்.

உலகம்மை தாயக் கட்டத்துக்கு வைத்திருந்த புளியங்கொட்டைகளை அள்ளி அவர் முன் போட்டார். ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெளுத்தவை, மறுபக்கம் கறுப்பு.

"வெள்ளை பகல். கறுப்பு இரவு. ஊரார் சொன்னதில் ஒன்றைச் சொல்லும்."

"மேலவாய்க்காலுக்கும் தாழைவாய்க்காலுக்கும் ஒருசேரப் பகல் முறை கூடாது. மேட்டுக்கு நீர் ஏறாதாம்."

"அதை மீறாமல் மூன்று விதமாக வையும்."

வைத்தார். வெள்ளை, கறுப்பு. கறுப்பு, வெள்ளை. கறுப்பு, கறுப்பு.

"நம் மடத்தில் ஒரு பாட்டை மூவர் மூன்று விதமாக ஓதினால் என்ன செய்வோம்?"

"சொல்லுக்குச் சொல், இருவர் வாயில் ஒத்து வருவதை எடுப்போம்."

"இங்கும் எடும்."

மேலவாய்க்காலுக்குக் கறுப்பு இரண்டு. தாழைக்கும் கறுப்பு இரண்டு. அவற்றை எடுத்து நான்காம் வரிசையாக வைத்தார்.

"நிபந்தனை உடைந்ததா?"

"உடையவில்லை."

"அடுத்தது."

"தோப்பு வாய்க்காலுக்கு இரவு என்றால் கோரை வாய்க்காலுக்கும் இரவே வேண்டும். இரண்டுக்கும் காவலாள் ஒருவன்."

மூன்று விதம். இருவர் சொல். அதுவும் உடையவில்லை.

அறுபத்துமூன்று நிபந்தனை. ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒன்றுகூட உடையவில்லை. உலகம்மை ஒரு முறைகூட அவசரப்படுத்தவில்லை.

"முடிந்ததா?"

"இன்னும் ஒன்று." அரியநாயகரின் குரல் இறங்கியது. "வாய்க்கால்களை மும்மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு மூன்றிலும் சரியாக ஒன்றுக்கே பகல் முறை."

"வையும்."

வெள்ளை, கறுப்பு, கறுப்பு. கறுப்பு, வெள்ளை, கறுப்பு. கறுப்பு, கறுப்பு, வெள்ளை.

"எடும்."

எடுத்தார். கறுப்பு. கறுப்பு. கறுப்பு.

"பகல் முறை எதற்கு?"

"எதற்கும் இல்லை. நிபந்தனை உடைந்துவிட்டது."

"இதைக் கேட்டது யார்?"

அரியநாயகர் நிபந்தனைகளை எழுதிவைத்திருந்த ஓலைக் கட்டைப் பிரித்தார்.

யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் நடுநிலையாக இருக்கட்டும் என்று, ஒருவரையும் விசாரிக்குமுன்பே, முதல் ஓலையில் அவரே எழுதிக்கொண்டது அது.

அந்த ஓலையைத் தள்ளி வைத்துவிட்டு, மற்ற ஓலைகளைத் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொருவரும் தன் வாய்க்காலையும் பக்கத்து வாய்க்கால் ஒன்றையும் பற்றித்தான் பேசியிருந்தார். மூன்றாவது ஒன்றைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஒன்பது நாளாக இவர்களைப் பேராசைக்காரர்கள் என்று வைதுகொண்டிருந்தாரே. இவ்வளவுதானா இவர்கள் கேட்டது?

ஓலை அவர் கண்ணுக்கு மங்கியது.

"இந்த அறுபத்துமூன்றும் சேர்ந்தால் தீருமா, அம்மை?"

"ஒரு கொட்டையை வையும். ஒவ்வொரு நிபந்தனையும் இரண்டு வாய்க்காலைத்தான் கட்டுகிறது; ஒன்றை வைத்தால் மற்றது எப்படி என்று அதுவே இழுக்கும். இழுப்பதையெல்லாம் வைத்துக்கொண்டே போம். எங்காவது இடித்தால் அந்த முதல் கொட்டையைப் புரட்டி மறுபடி போம். இடிக்காமல் நின்றவற்றை அப்புறம் தொட வேண்டாம். மிச்சத்தில் இன்னொன்றை எடும்."

"புரட்டிய பிறகும் இடித்தால்?"

"வழியே இல்லை என்று ஊராரிடம் சொல்லிவிடலாம். பதின்மூன்று கோடிக்கும் சேர்த்து ஒரே பதில்."

அவர் முதலில் எந்தக் கொட்டையை வைத்தார் என்பதில் கதை சொல்பவர்கள் வேறுபடுகிறார்கள். மலையடிவாரத்தார் மேலவாய்க்காலின் வெள்ளை என்பார்கள். ஆற்றுக்குக் கிழக்கே உள்ளவர்கள் கோரையின் கறுப்பு என்று சாதிப்பார்கள். எதில் தொடங்கியிருந்தாலும் குறை வந்திராது. ஒரே ஒரு முறை புரட்டினார் என்பதில் மட்டும் இரு சாராரும் ஒத்துப்போகிறார்கள்.

பொழுது சாயுமுன் இருபத்தேழும் வைத்து முடிந்தன. நாற்பது வருடம் படித்தவர், கன்றுக்குட்டியைப்போல் துள்ளி எழுந்து, குருவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"எழும்" என்றார் உலகம்மை. "கும்பிட்டுக்கொண்டு கிடந்தால் நாற்று காத்திருக்குமா?"

மறுநாள் காலையில் மடை திறந்தது.

மேலவாய்க்கால் உழவர் வெயிலுகந்தான் கரையோரமாகவே நடந்து வந்து அரியநாயகரை மறித்தார். முழங்கால்வரை சேறு.

"சாமி, நாங்க கேட்டபடியே எங்க பேச்சு நின்னுட்டு. தாழைக்காரன்ட்ட கேட்டா அவன் பேச்சும் நின்னுட்டுங்கான். இருபத்தேழு வாய்க்காலுக்கும் போய்க் கேட்டுட்டு வாறேன். ஒருத்தன் முகத்திலயும் கோபத்தக் காணோம். இப்பிடியும் நடக்குமா? யாரு பேச்சையோ தள்ளித்தான இருப்பீரு?"

"தள்ளினேன்."

"அதான பாத்தேன்! யாரு பேச்ச?"

அரியநாயகர் அந்த உழவரை நோக்கி இரு கைகளையும் கூப்பினார்.

"இந்தக் குளத்துப் பாசனத்தில் ஒரு குழி நிலமும் இல்லாத ஒருவன் பேச்சை."