பத்து வெள்ளியின் பின்பக்கம்

சப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலம். அங்கே டாலருக்கு வெள்ளி என்று பேர். ஒருநாள் காலையில் இங்கிலீஷ்காரன் விமானம் ஒன்று மடத்துக்கு மேலே பறந்து, பத்து வெள்ளி நோட்டுகளைக் கொட்டிவிட்டுப் போனது. ஓடிப்போய்ப் பொறுக்கியவர்கள் திருப்பிப் பார்த்தார்கள். முன்பக்கம் சப்பான்காரன் நோட்டில் இருக்கும் அதே வாழைமரம். பின்பக்கம், ‘இவன் ஓடப்போகிறான். இவன் காசை நம்பாதே.’

மடத்தின் மூத்த சீடன் வைரப்பன் ஒன்றை மடியில் செருகிக்கொண்டு சாமியிடம் வந்தான். தொண்டையை இரண்டு தரம் செருமினான்.

“ம்... அப்புறம்... சடையனை அனுப்பிடணும் சாமி. இல்லைன்னா நான் போறேன்.”

சடையன் புதுசாக வந்தவன். யார் குரலிலும் பேசுவான். சமையல்காரர் குரலில் சாப்பிடக் கூப்பிட்டு, வேகாத சோற்றின் முன்னால் எல்லோரையும் உட்கார வைத்தவன்.

“என்ன செஞ்சான்?”

“நேத்து உங்களைச் செஞ்சு காட்டினான். ஊரே சிரிச்சுது.” நோட்டை எடுத்துச் சாமி முன்னால் போட்டான். “அவனும் இதுதான். பார்த்தா அசல். ஒரு வெற்றிலைகூட வாங்க முடியாது.”

சாமி சடையனைக் கூப்பிட்டார். “நேத்துச் செஞ்சதைச் செய்.”

சடையன் துண்டைத் தோளில் சரித்துக்கொண்டான். இரண்டு தரம் செருமினான். “ம்... அப்புறம்... இந்த மனசு இருக்கே...”

“யாருடா இது?”

சடையன் தலையைச் சொறிந்தான். “வைரப்பண்ணன், சாமி. நீங்கன்னு நினைச்சுக் கைதட்டினாங்க. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.”

“என்னைச் செரும வெச்ச அந்தச் சளி எப்பவோ போயிடுச்சே,” என்றார் சாமி.

வைரப்பனின் காது சிவந்தது.

“சிரிங்க. அவன் வாயைத் திறந்தாலே உங்களுக்குச் சிரிப்பு. ஒருநாள் என்னை அப்படிப் பார்த்திருக்கீங்களா? உங்க மாதிரி உட்கார்ந்தேன், உங்க மாதிரி நடந்தேன். நேத்து வந்த பயலுக்குப் பக்கத்துல இடம். எனக்கு வயிறு எரியுது சாமி. அவன் நாக்கு அழுகிப்போகணும்னு வேண்டிக்கிட்டேன்.”

இந்தத் தடவை அவன் செருமவில்லை.

சடையன் மெல்ல வெளியே நழுவினான். சாமி நோட்டை எடுத்தார். வாழைமரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பின்பக்கம் மேலே தெரியத் திருப்பி வைரப்பன் பக்கம் தள்ளினார்.

“இத்தனை வருஷமா நீயும் மரத்தையே காட்டிட்டிருந்தே. இன்னிக்குத்தான் திருப்பினே. உட்காரு. இன்னும் என்ன எழுதியிருக்கு, படி.”