புளித்த மூங்கிலரிசியும் சுத்தக்காரச் சிங்காரியும்

ஆற்றங்கரைக் காட்டில் சிங்காரி என்றொரு காட்டுப் பன்றி இருந்தாள். பன்றிதான், ஆனால் சேறு என்றாலே அவளுக்கு ஆகாது! மற்றவர்கள் சேற்றில் புரண்டு சுகமாகக் கிடக்க, இவள் மட்டும் தள்ளி நின்று மூக்கைச் சுளிப்பாள். தோண்டிய கிழங்கை ஆற்றில் மூன்று முறை அலசாமல் வாயில் வைக்கமாட்டாள். இப்படியொரு பன்றியை யார் கண்டது!

அவளுக்கு ஐந்து குட்டிகள். பால் மறந்து கிழங்கும் வேரும் தின்னத் தொடங்கிய வாரத்தில் ஐந்துக்கும் வயிறு கெட்டுப்போனது. நான்கு எப்படியோ தேறிவிட்டன. கடைக்குட்டி சுண்டுவுக்கு மட்டும் நிற்கவேயில்லை. தின்றதெல்லாம் தண்ணீராகப் போய், விலா எலும்பு வெளியே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தின் தலைவி மடக்காதி எல்லோரையும் கூட்டினாள்.

"இந்தக் கரையில கிழங்கு தீர்ந்துபோச்சு. பன்னிரண்டாம் நாள் காலையில ஆத்தை நீந்தி அக்கரைக்குப் போறோம். அதுக்கப்புறம் வெள்ளம் வந்துடும். நீந்த முடியாத குட்டி இருந்தா இப்பவே யோசிச்சுக்கோங்க!"

எல்லோரும் சுண்டுவைத்தான் பார்த்தார்கள். சிங்காரி அவனை மறைத்தபடி நின்றாள். சுண்டுவை விட்டுவிட்டுப் போவதா? இல்லை, அவனுக்காக மற்ற நாலையும் இங்கேயே பட்டினி போடுவதா? பெற்றவளுக்கு இதைவிடக் கஷ்டம் உண்டா, சொல்லுங்கள்!

மறுநாள் விடிந்ததும் முள்ளம்பன்றி ஊசியம்மாவின் வளைக்கு ஓடினாள். ஊசியம்மாவின் குட்டிகள் கொழுகொழுவென்று உருண்டு திரிவது காட்டுக்கே தெரியும்.

"அக்கா, என் சுண்டு பிழைக்கணும்! உங்க பிள்ளைங்களுக்கு அப்படி என்னதான் குடுக்கிறீங்க?"

ஊசியம்மா ஒரு பாறைக்குழியை மூடியிருந்த தேக்கிலையை விலக்கினாள். உள்ளே மூங்கிலரிசி தண்ணீரில் ஊறி, நுரைத்து, புளித்துக் கிடந்தது. குப்பென்று வாடை அடித்தது.

"தினமும் ஒரு வாய் குடு. பால் மறந்த குட்டியோட வயிறு காலி வீடுடி. பூட்டாம விட்டா கெட்ட கிருமி வந்து உட்கார்ந்துக்கும். இதுல கண்ணுக்குத் தெரியாத நல்ல உயிருங்க இருக்கு. அதுங்க குடியேறிட்டா, கெட்டதுக்கு இடமே இருக்காது. திங்கிறதும் உடம்புல ஒட்டும்."

"உயிரா! அய்யய்யோ, நெளியுமா?"

"கண்ணுக்கே தெரியாதுங்கிறேன், நெளியுமான்னு கேக்குறியே!"

ஊசியம்மா இலையில் மடித்துக் கொடுத்த பொட்டலத்தைச் சிங்காரி வாயின் ஓரத்தில் கவ்விக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி வீடு வந்தாள். இந்த நாற்றத்தையா என் பிள்ளை வாயில் வைப்பது? அவள் மனம் கேட்கவில்லை. ஆற்றில் அலசினாள். மறுபடி அலசினாள். அப்படியும் வாடை போகாததால், நடுப்பகலில் கொதிக்கும் பாறையில் பரப்பிக் காயவைத்தாள். சாயங்காலம் பார்த்தால் வாடையும் இல்லை, நுரையும் இல்லை. அரிசி மொறுமொறுவென்று ஆகியிருந்தது.

"இப்பதான் பார்க்கவே லட்சணமா இருக்கு!" என்று சுண்டுவுக்கு ஊட்டினாள்.

ஒரு நாள் போனது. நான்கு நாள் போனது. சுண்டு எழுந்து நின்றால் கால் மடங்கி விழுந்தான். சிங்காரிக்கு வந்ததே கோபம்! நேராக முள்ளம்பன்றியின் வளை வாசலில் போய் நின்றாள்.

"ஏமாத்திட்டியே! நீ குடுத்த அரிசியில ஒரு மண்ணும் இல்ல!"

ஊசியம்மா முள்ளைச் சிலிர்த்தாள். பிறகு சிங்காரி கீழே போட்ட மிச்ச அரிசியை மோந்து பார்த்தாள்.

"இதுல வாடையே இல்லையே. என்னடி பண்ணினே?"

"சுத்தம் பண்ணினேன்! அலசி, பாறையில காயவச்சு..."

"அடிப்பாவி! குடியேற வந்தவங்க பாதிப் பேரை ஆத்துல விட்டுட்டே. மீதிப் பேரைப் பாறையில வறுத்துட்டே. இப்ப வீடு காலியா இருக்குன்னு என்கிட்ட சண்டைக்கு வர்றியா?"

சிங்காரி தானே தன் பிள்ளையின் நான்கு நாளைத் தொலைத்துவிட்டாள். அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"அழுதது போதும். இன்னும் ஏழு நாள் இருக்கு. இந்தா, அப்படியே குடு!"

அப்படியே கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, தினமும் ஒரு வாய் ஊட்டினாள். மூன்றாம் நாள் சுண்டுவின் வயிற்றுப்போக்கு நின்றது. ஐந்தாம் நாள் அண்ணன் வாயிலிருந்த கிழங்கைப் பிடுங்கித் தின்றான். ஏழாம் நாள் அம்மாவை முட்டித் தள்ளினான்!

பன்னிரண்டாம் நாள் காலையில் கூட்டம் ஆற்றில் இறங்கியது. நடு ஆற்றில் சுண்டுவை நீர் இழுத்தது.

"காலை உதைடா! நிறுத்தாதே!" என்று சிங்காரி கத்தினாள்.

சுண்டு விடாமல் உதைத்தான். அக்கரையோரம் முழுக்கக் கழுத்தளவு சேறு. சிங்காரி யோசிக்கவேயில்லை. தொப்பென்று அதில் குதித்து, தன் மூக்கால் பிள்ளையைக் கரைக்குத் தள்ளினாள்.

சுண்டு உடம்பை உதறினான். இருந்த சேறெல்லாம் அம்மாவின் முகத்தில் அடித்தது.

"அம்மா, பசிக்குது!" என்றான்.

சிங்காரி முகத்தைக் கழுவப் போகவில்லை. முதல் வேலையாக ஒரு பாறைக்குழியைத் தேடி, மூங்கிலரிசியை ஊறப்போட்டாள்.

அழுக்கு என்று நினைத்து எல்லாவற்றையும் கழுவித் தள்ளுகிறவர், தம்மைக் காப்பாற்ற வந்ததையும் சேர்த்தே கழுவிவிடுவார்.