கொஞ்சம் தள்ளி நில்லு

சரக், சரக் என்று விளக்குமாற்றுச் சத்தம்தான் முதலில் கேட்டது. மாசிப் பனியில் ஆள் தெரியவில்லை.

"அம்மா, பெருக்காதீங்க!" கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார் தணிகாசலம்.

சத்தம் நின்றது. பனி மெல்ல விலக, வாதாமரம் துலங்கியது. கிளையெல்லாம் சிவப்பு. தரையெல்லாம் சிவப்பு. நடுவில் விளக்குமாற்றோடு மடத்தின் குரு நின்றிருந்தார். சீடர் தணிகாசலத்தைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் அந்த மலையடிவார மடத்தில் எல்லோருக்கும் அவர் அம்மா.

"இலை அப்படியே கிடக்கட்டும்மா. இந்தச் சிவப்பு நாலு நாள்கூட நிக்காது. ஒரு படம் எடுத்துக்கறேன்."

"எடுங்க. மரம் எங்க ஓடப்போகுது?"

கேமராவைக் கண்ணில் வைத்தவர், இறக்கினார்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நிக்கணும். ஆள் நின்னா படம் கெட்டுடும்."

அம்மா நகர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம்."

அம்மா கிணற்றடிவரைக்கும் போய்விட்டார். இப்போது மரத்தடியில் யாரும் இல்லை. வெளிச்சமும் வந்துவிட்டது. தணிகாசலம் மட்டும் பொத்தானை அழுத்தவில்லை.

"என்னாச்சு?"

"அவகிட்டயும் இதையேதான் சொல்வேன்." அவர் குரல் இறங்கியது. "எந்த மலைக்குப் போனாலும், எந்த மரம் சிவந்தாலும், 'கோமளா, கொஞ்சம் தள்ளி நில்லு.' பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு எனக்குப் பின்னாடி போய் நிப்பா. 'பேசாம மரத்தையே கட்டியிருக்கலாம் நீங்க'ன்னு சிரிப்பா."

போன ஆடியில் கோமளா இறந்தபோது, மாலை போட ஒரு படம் கிடைக்கவில்லை. ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கி மாட்டினார்கள். சுவரில் வேறு யாரோ ஒருத்தி இருந்தாள். அந்த வீட்டில் இருக்க முடியாமல்தான் தணிகாசலம் மடத்துக்கு வந்தது.

"வீடு முழுக்க மரமா எடுத்து வெச்சிருக்கேன். எதுலயாவது ஓரமா அவ கையாவது, புடவையாவது விழுந்திருக்கான்னு அங்க இருந்தவரைக்கும் தினமும் பார்த்தேன். இல்லம்மா. இனிமே அவளை எங்க போய்த் தேடுவேன்?"

அம்மா கிணற்றடியிலிருந்து வந்தார். கீழே கிடந்த கேமராப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். தணிகாசலத்துக்குப் பின்னால் போய் நின்றார்.

"இங்கதானே நிப்பாங்க?"

"இன்னும் கொஞ்சம் கிட்ட."

அம்மா ஓரடி முன்னால் வந்தார்.

"இப்பச் சரியா?"

"ஆமா."

ஓர் இலை விழுந்தது.

"இங்கேருந்து மரமே தெரியலையே, தணிகாசலம். நீங்கதான் தெரியறீங்க."

அவர் திரும்பவில்லை.

முதுகுக்குப் பின்னால் பையை மெதுவாகக் கீழே வைக்கும் ஓசை கேட்டது. பிறகு, சரக், சரக்.