இருபத்தைந்துக்கு இருபத்து மூன்று

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். இந்தக் குருவுக்கு முப்பத்தேழு வயது. பெயர் ஜான்சிராணி. சாத்தூர்ப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். கம்ப்யூட்டர் லேப் சாவியும் அவரிடம்தான் இருக்கும். சீடருக்கு ஐம்பத்தைந்து. பெயர் அழகர்சாமி. அதே பள்ளியின் தலைமையாசிரியர்.

மூத்தவர் சீடரான கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் பதவி உயர்வில் இங்கே வந்தபோது அழகர்சாமி மவுஸைத் தொட்டதே கிடையாது. பிள்ளைகளின் வருகை முதல் செருப்பு அளவு வரை எல்லாவற்றையும் போர்ட்டலில் ஏற்று என்று மேலிடம் சொன்னது. ஜான்சி டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாரம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அன்றிலிருந்து அழகர்சாமி அவரைக் "குருவே" என்றுதான் கூப்பிடுவார். முதலில் கேலி. பிறகு பழக்கம். அப்புறம் எந்தச் சந்தேகம் வந்தாலும், கம்ப்யூட்டருக்குச் சம்பந்தம் இல்லாத சந்தேகம் என்றாலும், லேபுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

ஜூலையில் ஒன்பதாம் வகுப்புக்கு வாசிப்புத் திறனை அளக்க ஓர் ஆன்லைன் தேர்வு வந்தது. இருபத்தைந்து கேள்வி. ஒவ்வொரு பிள்ளையும் தன் எண்ணைப் போட்டு உள்ளே போய்ப் பதிலை அமுக்க வேண்டும். நாற்பத்தொரு பிள்ளைகள். லேபில் இருபது கம்ப்யூட்டர். அதில் ஏழு போன மழைக்கே போய்ச் சேர்ந்துவிட்டன. மிச்சம் பதிமூன்றில் நெட் வரும், போகும். கேள்வி வந்தால் பதில் போகாது. பதில் போனால் கேள்வி நின்றுவிடும்.

மூன்று நாள் இந்தக் கூத்து நடந்தது. தலைமையாசிரியர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. சாயங்காலம் ஆனால் அதில் பட்டியல் வந்து விழும். முடித்த பள்ளி பச்சை, முடிக்காத பள்ளி சிவப்பு. மூன்றாம் நாள் சிவப்பில் ஒரே ஒரு பள்ளிதான் மிச்சம். அழகர்சாமிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் லேபுக்கு வந்தார்.

"குருவே, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க சார்."

"நாலு பேர் மட்டும் லாகின் பண்ணா நெட் தாங்குதா?"

"தாங்குது."

"அப்ப பிள்ளைங்களுக்குப் பதிலா நாமளே போட்டுட்டா என்ன?"

ஜான்சி டீச்சர் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டார்.

குரு தடுத்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். தடுத்திருக்க வேண்டும்தான். ஆனால் அவரும் மூன்று நாளாக அந்தப் பதிமூன்று கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியவர். மனுஷிதானே.

பிள்ளைகளைக் கிரவுண்டுக்கு அனுப்பிவிட்டு நாலு ஆசிரியர்கள் உட்கார்ந்தார்கள். சில பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். யாரும் விரட்டவில்லை. எல்லாம் சரியாகப் போட்டால் நம்ப மாட்டார்களே என்று ஒவ்வொரு பெயருக்கும் ஓரிரண்டு தப்பை வேண்டுமென்றே போட்டார்கள். அழகர்சாமி பதினோரு பேருக்குப் போட்டார். கடைசி எண்ணுக்கு இருபத்தைந்துக்கு இருபத்து மூன்று வந்தது. அது யாருடைய எண் என்று அவர் பார்க்கவில்லை. அலுப்பு.

அது மாரிக்கனியின் எண்.

மாரிக்கனிக்கு வாசிக்கத் தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளையா என்று ஆச்சரியப்படுகிறவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளும் போய்ப் பார்க்காதவர்கள். கொரோனா வந்தபோது அவள் மூன்றாம் வகுப்பு. பாடமெல்லாம் போனில் வந்தது. வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவோடு லாரியில் ஆந்திராவுக்குப் போய்வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் திறந்தபோது அவளை ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் அவளைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை.

இவளைப் போல இருந்த பதினோரு பிள்ளைகளுக்குத் தேன்மொழி என்று ஒரு தற்காலிக டீச்சர், மதியம் கடைசி இரண்டு பீரியடில் எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்தார். எட்டாம் வகுப்பில் ஆரம்பித்தது. மாரிக்கனி மெதுவாக ஒட்டிக்கொண்டாள். இரண்டெழுத்துச் சொல், மூன்றெழுத்துச் சொல் என்று வந்து, கடைத்தெரு போர்டுகளைத் தடவித் தடவி வாசிக்க ஆரம்பித்திருந்தாள். இன்னும் ஒரு வருஷம் கிடைத்தால் பத்தாம் வகுப்புக் கேள்வித்தாளை வாசித்துவிடுவாள் என்று தேன்மொழி சொல்லியிருந்தார்.

தேர்வு முடிவு வந்தது. பள்ளி பச்சையில் நின்றது. குரூப்பில் கைதட்டும் பொம்மைகளாக வந்து விழுந்தன. அழகர்சாமிக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். போனை எடுத்துப் போய் வீட்டில் சம்சாரத்திடம்கூடக் காட்டினார்.

அடுத்த மாதம் ஓர் உத்தரவு வந்தது. வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகள் இல்லாத பள்ளிகளிலிருந்து தற்காலிக ஆசிரியர்களைத் தேவை உள்ள பள்ளிகளுக்கு மாற்றுகிறார்களாம். தேன்மொழி ஒரு வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

திங்கள்கிழமை மதியம் மாரிக்கனி நோட்டோடு போய்ப் பூட்டிய அறை முன்னால் நின்றாள். செவ்வாய்க்கிழமையும் நின்றாள். புதன்கிழமை பி.டி. மாஸ்டர் அவளை வகுப்புக்குப் போகச் சொன்னார்.

அழகர்சாமி மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். எங்கள் பள்ளியில் பதினோரு பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை, ஆசிரியரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று. நாலு நாளில் பதில் வந்தது. போர்ட்டல் பதிவின்படி தங்கள் பள்ளியில் அப்படிப்பட்ட மாணவர் எவரும் இல்லை.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்தார்.

"குருவே, ஒரு தடவைதானே செஞ்சோம். இதைத் திருத்த முடியாதா?"

ஜான்சி டீச்சர் கம்ப்யூட்டரில் மாரிக்கனியின் பக்கத்தைத் திறந்தார். போட்டோ, பெயர், பிறந்த தேதி, செருப்பு அளவு. கீழே, வாசிப்புத் திறன், பச்சை.

"இந்தப் பச்சைய எடுத்துடுங்க," என்றார் அழகர்சாமி.

"நீங்களே எடுங்க சார்," என்று மவுஸை அவர் பக்கம் தள்ளினார்.

அழகர்சாமி மேலே போனார், கீழே போனார். எல்லா இடத்திலும் அமுக்கிப் பார்த்தார்.

"எடுக்கறதுக்குப் பட்டனே இல்லையே?"

"நமக்கு ஏத்தறதுக்குத்தான் குடுத்திருக்காங்க சார்."

"வேற வழி?"

"டிசம்பர்ல அடுத்த டெஸ்ட் வருது. அவளையே உட்கார வைக்கலாம். அவ வாங்குற மார்க் தானா ஏறும்."

அழகர்சாமி மவுஸைத் தள்ளி வைத்தார்.

"இருபத்து மூணுலேர்ந்து மடமடன்னு கீழ வந்தா என்கிட்ட விளக்கம் கேப்பாங்க. ஜூலைல யார் எழுதினதுன்னு தோண்டுவாங்க."

"ஆமா சார்."

"மெமோ வரும்."

"வரும்."

"மெமோ வாங்கினா தேன்மொழி திரும்ப வருவாங்களா?"

"தெரியாது சார்."

"என்ன குரு நீங்க, ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

ஜான்சி டீச்சர் எழுந்து போய் மாரிக்கனியின் அறிவியல் நோட்டை வாங்கிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார். கூடவே மாரிக்கனியும் வந்து வாசலில் நின்றாள்.

அழகர்சாமி புரட்டினார். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. வரிசை பிடித்த எழுத்து.

"கையெழுத்து நல்லாத்தானே இருக்கு," என்றார்.

"என்ன எழுதியிருக்குன்னு அவளைக் கேளுங்க."

"வாம்மா. இந்தப் பக்கத்துல என்ன எழுதியிருக்கே?"

மாரிக்கனி நோட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "போர்டுல இருந்தது சார்," என்றாள்.

அவர் மறுபடி பார்த்தார். போர்டு மூலையில் எழுதியிருந்த தேதி, பதிவு நாற்பத்தொன்று, வருகை முப்பத்தெட்டு, எல்லாவற்றையும் பாடத்தோடு சேர்த்து எழுதியிருந்தாள். ஒளிச்சேர்க்கைக்கு நடுவில் வருகை முப்பத்தெட்டு. படம் வரைவதுபோல எழுத்துகளை வரைந்துவைத்திருக்கிறாள்.

அழகர்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. நோட்டை மூடி அவளிடம் கொடுத்தார்.

"வர்ற மெமோ வரட்டும்," என்றார். "டிசம்பர்ல இவதான் எழுதுறா."

சும்மா சொல்லக் கூடாது, சொன்னபடி நின்றார். டிசம்பரும் வந்தது. இதில் வேடிக்கை, லேபுக்குப் புதுக் கேபிள் போட்டுவிட்டார்கள். செத்த கம்ப்யூட்டர்களை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். இருபதும் பளபளவென்று ஓடின. நெட் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

காலையில் ஒன்பதாம் வகுப்பில் மணி அடித்ததும் லீடர் எழுந்து, "இன்னைக்கு ஆன்லைன் டெஸ்டு. எல்லாரும் கிரவுண்டுக்குப் போங்க," என்றான். பிள்ளைகள் வரிசையாகக் கிளம்பிவிட்டார்கள். இரண்டு பேர் பந்துகூட எடுத்துவிட்டார்கள். ஜான்சி டீச்சர் ஓடிப் போய்த் திருப்பி அழைத்து வர வேண்டியதாகிவிட்டது.

முதல் இருபது பேர் லேபுக்குள் வந்தார்கள். உட்காரச் சொன்ன பிறகும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். மாரிக்கனியின் இடத்துக்கு அழகர்சாமியே போனார். அவளுடைய போட்டோ திரையில் வந்துவிட்டது. நேரம் குறைய ஆரம்பித்திருந்தது.

மாரிக்கனி நாற்காலியை நன்றாகப் பின்னால் இழுத்து, தள்ளி நின்றுகொண்டாள்.

"உட்காரும்மா," என்றார் அழகர்சாமி.

"நீங்க உட்காருங்க சார்."

"இந்தத் தடவை நீதான் எழுதணும்."

"நான் போட்டா மார்க்கு போயிரும் சார்."

"போனா போகட்டும்."

"வேணாம் சார். எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல எல்லார்ட்டயும் சொல்லிருச்சு. இருபத்து மூணுன்னு. எனக்குப் படிப்பு வந்துருச்சுன்னு மாரியம்மன் கோயில்ல பொங்கல்கூட வச்சிருச்சு."

பக்கத்து நாற்காலிப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். மாரிக்கனி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீங்க போடுங்க சார். போன தடவையும் நான் ஜன்னல்ல பார்த்தேன். யார்ட்டயும் சொல்லல. இப்பவும் சொல்ல மாட்டேன்."

அந்த மனுஷன் முகம் வெளிறிப்போனதை ஜான்சி டீச்சர் பார்த்தார்.

அழகர்சாமி அவளைத் தோளைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தார். "நான் போட மாட்டேன்மா. போன தடவை போட்டது தப்பு," என்றார். அவள் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை. கெஞ்சிப் பார்த்தும் கைவிட்டுவிட்டார் என்பது மட்டும்தான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். மவுஸைப் பிடித்து, எல்லாக் கேள்விக்கும் முதல் வட்டத்தையே அமுக்கினாள். நாலு நிமிஷத்தில் முடித்துவிட்டாள். ஆறு மார்க் வந்தது.

எழுந்து, நாற்காலியைச் சரியாக உள்ளே தள்ளிவிட்டு, அழுதுகொண்டே போனாள். அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மற்ற பிள்ளைகளும் முடித்துவிட்டுப் போன பிறகு ஜான்சி டீச்சர் அவளுடைய பக்கத்தைத் திறந்து பார்த்தார். வாசிப்புத் திறன், சிவப்பு.

"வாசிக்கத் தெரியாதவங்க பட்டியல்ல பேர் வந்துருச்சு சார்," என்றார்.

அழகர்சாமி அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"குருவே."

"சொல்லுங்க சார்."

"ஜூலைல இருபத்து மூணு எடுத்த பிள்ளை டிசம்பர்ல ஆறு. அஞ்சு மாசமா உங்க பள்ளிக்கூடத்துல இவ என்னதான் கத்துக்கிட்டான்னு மெமோவுல கேப்பாங்க. என்ன எழுதட்டும்?"

ஜான்சி டீச்சர் கம்ப்யூட்டரை அணைத்தார்.

"நாம நடத்துனதைக் கத்துக்கிட்டான்னு எழுதுங்க சார்."