தடித்த கேபிள்தான் வேண்டும்

பழைய டெலிபோன் தாமிரக் கம்பியைக் கழற்றி, இன்டர்நெட்டுக்கு ஃபைபர் கேபிள் இழுக்கும் வேலை, அரிசி ஆலை அதிபர் தணிகாசலத்தின் சுவரில் வந்து நின்றது. பின்தெருவுக்குக் கேபிள் போக வேறு வழியில்லை. அங்கே இணைப்புக் கொடுக்காமல் திரும்புவதில்லை என்று வந்திருந்தாள் கேபிள் தொழிலாளி மரகதம்.

"நூல் மாதிரி இதையா எனக்குக் குடுக்கிறே? ஊரிலேயே தடியான கேபிள் என் வீட்டுக்கு வரணும். பின்தெருவுக்கு ஒண்ணும் போகக்கூடாது!" அவள் கையிலிருந்த மெல்லிய கேபிளைப் பார்த்துச் சீறினார் தணிகாசலம்.

"தடியானதே போடறேங்கய்யா."

மறுநாள் விரல் தடிமனில் கேபிள் வந்தது. தணிகாசலமே ஏணியைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் அவர் சுவர்ப் பெட்டியிலிருந்து பின்தெருவுக்கு நூல் நூலாகக் கேபிள்கள் ஓடின.

"யாரைக் கேட்டு இழுத்தே?"

"அவங்க நூலெல்லாம் உள்ளே இருக்கிறதாலதாங்கய்யா இது தடி. உங்களுக்கு மட்டும்னா நேத்து வேண்டாம்னீங்களே, அந்த ஒத்தை நூல்தான். மாத்திடவா?"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"தடியானதே இருக்கட்டும்" என்றார் தணிகாசலம்.