பெர்ஷோவைச் சுற்றிப் போன ஆறு

ஆறும் ஆடும் மனிதரும் ஒரே பாஷையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஜூரா மலையில் பெர்ஷோ என்று ஒரு சின்ன ஊர். அங்கே எல்லோருக்கும் பிரெஞ்சுதான். ஆடுகூட பிரெஞ்சில்தான் கத்தும். வடக்கே பைன் காடு, தெற்கே சுண்ணாம்புப் பாறை, நடுவே கொஞ்சம் புல்வெளி. அவ்வளவுதான் ஊர். அதற்கும் ஒரு மேயர் உண்டு, அன்செல்ம் என்று பெயர்.

ஒரு வசந்தத்தில் உச்சிப் பனி உருகி லொவெத் என்ற ஆறு பிறந்தது. பிறந்ததும் பிறக்காததுமாக அதற்கு அப்படியொரு திமிர்!

"நான் நேராகத்தான் போவேன். ஊரைக் காலி பண்ணுங்கள்" என்று மேலேயிருந்து கத்தியது.

மேயர் வெலவெலத்துப்போனார். "ஆற்றோடு மல்லுக்கட்ட முடியுமா? மூட்டையைக் கட்டுங்கள்" என்றார். சனங்களும் கட்டினார்கள். வெட்கக்கேடு!

பிஷெத் என்ற வெள்ளாடு மட்டும் கொட்டிலை விட்டு அசையவில்லை. அன்று காலையில்தான் அது குட்டி போட்டிருந்தது.

"குட்டியை நான் தூக்கிக்கொள்கிறேன், வா" என்றார் மேயர்.

"எங்கே? இன்னும் பனி உருகாத காட்டுக்குள்ளா? ஈரம்கூடக் காயாத குட்டி, குளிரில் செத்துப்போகும். இது எங்கள் இடம். இன்றைக்குப் பிறந்த ஆறு எழுந்திரு என்றால் எழுந்துவிடுவதா?"

பிஷெத் ஊர் முகப்பில் போய் நின்றது. அந்நாளில் ஆட்டுக் கொம்பு ஈட்டி மாதிரி நேராக இருக்கும்.

"விலகு!" என்றது ஆறு.

"நோன்!" என்றது ஆடு. அவர்கள் ஊரில் 'மாட்டேன்' என்பதை அப்படித்தான் சொல்வார்கள்.

ஆறு பாய்ந்தது. பிஷெத் தலையைக் குனிந்து விட்டதே ஒரு முட்டு! அடி வாங்கிப் பழக்கமில்லாத ஆறு அரண்டு ஒதுங்கியது. பக்கவாட்டில் நுழையப் பார்த்தது. அங்கேயும் பிஷெத். சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தது. அங்கேயும் முட்டு. கொம்பு இரண்டும் பின்னால் வளைந்துபோயின. நெற்றியில் ரத்தம், உயிர் போகிற வலி.

"இன்னும் வேண்டுமா? வா!" என்று கத்தியது ஆடு.

ஆறு முணுமுணுத்தபடி பள்ளத்தாக்கில் இறங்கிப் போய்விட்டது. கொட்டிலில் குட்டி பாலுக்குக் கத்தியது. மேயர் யாரும் பார்க்காத நேரமாய்ப் பார்த்து மூட்டையை அவிழ்த்தார்.

பெர்ஷோவுக்கு மூன்று பக்கமும் ஆறு ஓடுவதும், ஆட்டுக்குக் கொம்பு பின்னால் வளைந்திருப்பதும் அன்றைக்கு ஆரம்பித்ததுதான். அன்று தொடங்கி ஆடு யாருக்கும் வழி விடுவதுமில்லை. சந்தேகமிருந்தால் ஒற்றையடிப் பாதையில் அதற்கு எதிரே போய் நின்று பாருங்கள்.